டச்சுத் தட்டையடிப் பாய்ப்படகுகளும் அவற்றின் மாடல்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டர் என்னும் டச்சு மீன்பிடிப் படகின் மாடலைச் செய்து வீட்டுக் கூடத்தில் வைத்த நாளிலிருந்து, வந்து பார்க்கிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஏன் இவ்வளவு குண்டாக இருக்கிறது, இரண்டு பக்கமும் காது மாதிரி தொங்குவது என்ன, பாய் ஏன் காவி நிறத்தில் இருக்கிறது. செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அளவு, மரம், கட்டும் முறை என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

தட்டையடிப் படகு என்றால் என்ன? ஹாலந்தில் மட்டும் ஏன் இத்தனை?

அடிப்பகுதி பலகை போல் பரந்து, கீழே ஆழமாக இறங்கும் ஏரா, அதாவது நடு அடிக்கட்டை, இல்லாத படகு. ஹாலந்தின் தண்ணீரைப் பார்த்தால் காரணம் உடனே புரிந்துவிடும். வடக்கே வாடன் கடல், ஓதம் வற்றினால் மைல்கணக்கில் சேறு. நடுவில் ஸைடர்ஸே என்ற உள்கடல், பல இடங்களில் ஆழம் 4, 5 மீட்டருக்கு மேல் கிடையாது. தெற்கே ஸேலாந்து, முழுக்க முகத்துவாரமும் மணல் திட்டும். உள்ளே போனால் கால்வாய், ஏரி, மறுபடி கால்வாய். இதில் ஆழமான ஏரா வைத்த படகு தரை தட்டினால் சாய்ந்து விழும், அடுத்த ஏற்றத்தில் எழுவதற்குள் தண்ணீர் புகுந்துவிடும். தட்டையடிப் படகு அப்படியே உட்கார்ந்துகொள்ளும். ஆட்கள் இறங்கி நடக்கலாம், சிப்பி பொறுக்கலாம், சரக்கு இறக்கலாம், தண்ணீர் ஏறியதும் கிளம்பலாம். தரை தட்டுவது அங்கே விபத்து இல்லை, வேலையில் ஒரு பகுதி.

ஆழம் குறைந்த தண்ணீரில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். அதனால்தான் ஸைடர்ஸே படகுகளின் முன்பக்கம், அதாவது அணியம், உயர்ந்து கொழுத்திருக்கிறது.

பக்கத்தில் தொங்கும் அந்தப் பலகை எதற்கு?

ஏரா இல்லாத படகு, காற்று பக்கவாட்டில் அடித்தால் முன்னே போவதோடு நண்டு மாதிரி பக்கவாட்டிலும் நகரும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பக்கப்பலகை. டச்சில் ஸ்வார்ட் என்பார்கள், வாள் என்று பொருள். இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் இறக்குவார்கள்: காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம். அப்போது தண்ணீரின் அழுத்தம் பலகையைப் படகின் உடலோடு சேர்த்து அமுக்கும், பிய்த்துக்கொண்டு போகாது. படகைத் திருப்பினால் அதைத் தூக்கி இதை இறக்க வேண்டும். சோழமண்டலக் கரையில் பாய் கட்டி ஓடிய கட்டுமரத்திலும் பக்கவாட்டில் பலகை இறக்கும் வழக்கம் இருந்தது, தேவை ஒன்றுதானே.

பலகையின் வடிவம் ஊரைச் சொல்லும். உள்நாட்டு ஏரி, கால்வாயில் ஓடும் படகுகளுக்கு விசிறி போல் அகலமாக, குட்டையாக இருக்கும். கடலுக்குப் போகும் படகுகளுக்கு ஒடுங்கி நீளமாக இருக்கும். மாடல் செய்கிறவர்கள் இதைக் குழப்பினால், தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போய் நிற்கும்.

எத்தனை வகை இருக்கின்றன? எப்படி அடையாளம் காண்பது?

ஏராளம். எல்லாவற்றையும் இங்கே எழுதினால் பட்டியல்தான் மிஞ்சும், முக்கியமான சிலதைச் சொல்கிறேன். ட்யால்க் என்பது சரக்குப் படகு. நீண்டு, இரண்டு முனையும் மழுங்கி, பெட்டி போல. அதன் சின்னத் தங்கை வடக்கு மாகாணமான ஃப்ரீஸ்லாந்தின் ஸ்கூச்சே. போட்டர் ஸைடர்ஸே மீன்பிடிப் படகு, அணியம் உயர்ந்து வளைந்து, பின்பக்கம் தாழ்ந்து ஒடுங்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஸ்கொக்கர் அதற்குப் பக்கத்து வீட்டுக்காரன், ஆனால் முன்கட்டை, அதாவது அணியத்தின் முனையில் நிற்கும் கட்டை, வளையாமல் நேராகச் சாய்ந்து நிற்கும். பெயர் ஸ்கொக்லாந்து தீவிலிருந்து வந்தது, அந்தத் தீவை 1859இல் மக்கள் காலி செய்தார்கள், இப்போது அது நிலத்துக்கு நடுவே ஒரு மேடு. ஹோகார்ஸ் ஸேலாந்தின் படகு, கத்தி போல முன்னால் நீட்டிய நேரான முன்கட்டை, சிப்பிக்கும் மீனுக்கும் போனது. லெம்ஸ்டராக் லெம்மர் ஊரிலிருந்து வந்தது, உருண்டு திரண்ட அழகான உடல். பூயர் என்பது பணக்காரர்களின் உல்லாசப் படகு: சுக்கான் தலையில் செதுக்கிய சிங்கம், பொன் பூச்சு. 19ஆம் நூற்றாண்டில் யௌரே என்ற ஃப்ரீஸ்லாந்து ஊரில் ஏல்ச்சே ஹோல்ட்ரோப் ஃபான் டெர் ஸே கட்டிய பூயர்கள் பேர்போனவை.

லெம்ஸ்டராக்கில் உலகம் அறிந்தது 'குரூனே டிராக்', அதாவது பச்சை டிராகன். இளவரசி பெயாட்ரிக்ஸின் 18ஆம் பிறந்தநாளுக்கு 1956இல் நாட்டு மக்கள் கொடுத்த பரிசு, அடுத்த ஆண்டு தண்ணீரில் இறங்கியது.

எல்லாமே தட்டை அடிதானா?

இல்லை, இது நியாயமான கேள்வி. டச்சுக்காரர்களே 'உருள்அடி', 'தட்டையடி' என்று இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வார்கள். பூயர், லெம்ஸ்டராக் உருள்அடியில் சேரும். போட்டர், ஸ்கொக்கர், ஹோகார்ஸ் தட்டையடியில் சேரும். தட்டையடியில் அடிப்பலகையும் உடலின் பக்கச்சுவரும் சேரும் இடத்தில் தெளிவாக ஒரு மடிப்பு தெரியும், உருள்அடியில் அந்த மடிப்பு இல்லாமல் வளைந்து போகும். பக்கப்பலகையும் ஆழமின்மையும் இரண்டுக்கும் பொது என்பதால் பேச்சில் ஒன்றாகவே சொல்கிறோம். இந்தப் படகுகளைப் பதிவு செய்து காக்க 1955இல் தொடங்கிய அமைப்பின் பெயரிலேயே இரண்டு சொல்லும் இருக்கின்றன.

நாகப்பட்டினத்துக்கும் பழவேற்காட்டுக்கும் வந்த டச்சுக் கப்பல்கள் இவைதானா?

இல்லை. கடல் தாண்டி வந்தவை ஆழமான பெரிய கப்பல்கள். ஆனால் ஒரு தொடர்பு உண்டு, எனக்கு மிகவும் பிடித்த தொடர்பு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் திரும்பிப் போகும்போது நிறைசரக்கோடு ஆம்ஸ்டர்டாம் வரை போக முடியாது, ஸைடர்ஸே அவ்வளவு ஆழமில்லை. டெக்ஸல் தீவு ஓரத்தில் நங்கூரமிட்டு, சரக்கைச் சிறிய ஆழம் குறைந்த பாய்ப்படகுகளில் மாற்றி அனுப்புவார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணி ஆம்ஸ்டர்டாம் கிடங்குக்குப் போன கடைசிப் பயணம் இந்தக் குடும்பத்துப் படகுகளில்தான். ஆம்ஸ்டர்டாம் வாசலில் பாம்பஸ் என்ற திட்டு இருந்தது. பெரிய கப்பலை அதன்மேல் கடத்த, 1690 வாக்கில் 'ஒட்டகம்' என்று பெயர் வைத்த மிதவைத் தொட்டிகளை இரண்டு பக்கமும் கட்டித் தண்ணீரை வெளியேற்றிக் கப்பலையே தூக்கினார்கள்.

'யாட்' என்ற சொல் டச்சுச் சொல்லா?

ஆமாம், வேட்டை என்று பொருள்படும் 'யாக்ட்' என்ற சொல்லிலிருந்து வந்தது. வேகமான சின்னப் படகுக்கு அந்தப் பெயர். 1660இல் இரண்டாம் சார்லஸ் இங்கிலாந்து அரியணைக்குத் திரும்பியபோது ஆம்ஸ்டர்டாமிலிருந்து 'மேரி' என்ற படகு பரிசாகப் போனது. அதிலும் பக்கப்பலகை உண்டு. 1675இல் வேல்ஸ் கரையோரம் பாறையில் மோதி மூழ்கியது.

போட்டரில் அப்படி என்ன விசேஷம்?

நான் இதைத்தான் செய்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன். சுமார் 13 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். நடுவில் படகின் குறுக்கே இரண்டு தடுப்புச் சுவர், அதற்கு இடையில் இருக்கும் அடிப்பலகையிலும் பக்கத்திலும் துளைகள். அதாவது கடல் தண்ணீர் வேண்டுமென்றே உள்ளே வந்து போகிறது. பிடித்த மீன் அந்தத் தொட்டியில் உயிரோடு நீந்திக்கொண்டே கரைக்கு வரும். ஐஸ் இல்லாத காலத்தில் விலாங்கு மீனைத் துடிக்கத் துடிக்க விற்க இதைவிட வழி ஏது? இரண்டு போட்டர்கள் பக்கம் பக்கமாக ஓடி, நடுவில் ஒரே வலையை இழுப்பதும் உண்டு. பின்பக்கம் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்றால், வலையைக் கையால் இழுத்து ஏற்றுகிறவன் தண்ணீருக்கு அருகில் இருக்க வேண்டும்.

படகின் அணியத்தில் வெள்ளையில் எழுத்தும் எண்ணும் இருக்கும். யுகே என்றால் ஊர்க், விடி என்றால் ஃபோலன்டாம், பியு என்றால் புன்ஸ்கோட்டன், ஹெச்ஸட் என்றால் ஹெய்ஸன். எங்கள் வீட்டு மாடலில் பியு என்று எழுதியிருக்கிறேன், ஏன் என்று கடைசியில் வரும்.

ஸ்கூச்சே பந்தயம் என்று கேள்விப்பட்டேனே?

ஃப்ரீஸ்லாந்தில் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கிறது. பந்தயத்தை நடத்தும் குழு 1945இல் உருவானது. 14 ஸ்கூச்சேக்கள், ஒவ்வொன்றும் ஒரு ஊரின் பெயரில் ஓடும், ஊரே கரையில் நிற்கும்.

ஆனால் இந்தப் படகு பந்தயத்துக்குப் பிறந்ததில்லை. எரிக்க வெட்டிய கரி மண்ணையும், உரத்தையும், உருளைக்கிழங்கையும் ஏற்றிக் கால்வாய் கால்வாயாகப் போன சரக்கு வண்டி அது. பின்னால் இருக்கும் சிறு அறையில் கணவன், மனைவி, பிள்ளைகள் மொத்தக் குடும்பமும் வாழ்ந்தது. காற்று இல்லாத நாளில் மனைவியும் மூத்த பிள்ளைகளும் கரையில் இறங்கி, மார்பில் பட்டை மாட்டி, கயிறு கட்டிப் படகை இழுத்தார்கள். பழைய படங்களில் முன்னே குனிந்து நடக்கும் அந்தப் பெண்களைப் பார்த்தபிறகு, ஸ்கூச்சே மாடலில் ஒரு இழுகயிற்றைச் சுருட்டி வைக்காமல் விட எனக்கு மனசு வராது.

இன்னொன்று: இதன் பாய்மரம் மடங்கும். அடியில் ஒரு தொட்டிலில் அச்சாணியில் நிற்கும், கீழ் முனையில் ஈயக் கனம். பாலம் வந்தால் முன்கயிற்றைத் தளர்த்தி மரத்தைச் சாய்த்து, அடியில் நுழைந்து, மறுபடி நிமிர்த்துவார்கள்.

இந்தப் படகுகள் ஏன் தொழிலை விட்டுப் போயின?

சரக்குப் படகுகளை எஞ்சினும் லாரியும் முடித்தன. மீன்பிடிப் படகுகளை முடித்தது ஒரு அணை. 1916 ஜனவரியில் ஸைடர்ஸேயைச் சுற்றிப் பெரு வெள்ளம் வந்தது. பொறியாளர் கொர்னேலிஸ் லேலி பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த திட்டத்துக்கு 1918இல் சட்டம் போட்டார்கள். 32 கிலோமீட்டர் நீள அணையின் கடைசி இடைவெளி 1932 மே 28 அன்று அடைபட்டது. உள்கடல் ஐசல்மேர் என்ற ஏரியாகியது, தண்ணீர் நன்னீராக மாறியது, நெத்திலியும் ஹெர்ரிங்கும் போயின, விலாங்கு மட்டும் தங்கியது. எத்தனையோ போட்டர்கள் அழுகிப் போயின, சில உல்லாசப் படகாக மாறி அதனாலேயே பிழைத்தன. வெள்ளத்திலிருந்து நாட்டைக் காப்பாற்றிய அணை அது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கரையில் நின்று கடல் மூடப்படுவதைப் பார்த்த மீனவனுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமலும் இருக்க முடியாது.

அப்புறம் அந்தக் கடலின் ஒரு பகுதியை வற்றவைத்து நிலமாக்கியபோது, வயலுக்கு அடியில் 400க்கும் மேற்பட்ட பழைய கப்பல், படகுச் சிதைவுகள் கிடைத்தன. பழைய படகுகளை எப்படிக் கட்டினார்கள் என்று இன்று நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அந்தச் சேற்றிலிருந்து வந்தது.

பாய் ஏன் பழுப்பு நிறம்?

பருத்தி, சணல் துணி ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும். அதனால் மரப்பட்டைச் சாற்றில் காய்ச்சிப் பதம் போடுவார்கள். முதலில் ஓக் பட்டை, பிறகு 'காஷூ'. அது வேறொன்றுமில்லை, நம் வெற்றிலையோடு போடும் காசுக்கட்டி. அந்தப் பெயரே காசு, காச்சு என்ற தென்னிந்தியச் சொல்லிலிருந்து மலாய் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது என்று அகராதிகள் சொல்கின்றன. ஆசியாவிலிருந்து கட்டி கட்டியாகக் கப்பலேறிப் போய், ஸைடர்ஸே துறைமுகத்துக் கொப்பரைகளில் கொதித்து, டச்சு மீனவனின் பாய்க்கும் வலைக்கும் நிறமானது.

இதைப் படித்த அன்றே நாட்டு மருந்துக் கடைக்குப் போய் ஒரு கட்டி வாங்கி வந்தேன். மெல்லிய மல் துணியைக் கஞ்சி போகும் வரை நன்றாகத் துவைத்துக் காயவைத்தேன். கட்டியைத் தட்டிப் பொடித்து, வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி (வடிகட்டாவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும்), அதில் துணியை முக்கி நிழலில் உலர்த்தினேன். முதல் முக்கில் பால் விட்ட தேநீர் நிறம்தான். இரண்டாவதில் செங்கல் சாயல் எட்டிப் பார்த்தது. மூன்றாவது முக்கு உலர்ந்தபோது பழைய படங்களில் பார்த்த அதே காவிப் பழுப்பு, மடித்த இடங்களில் கொஞ்சம் கருத்து, ஓரங்களில் கொஞ்சம் வெளுத்து. எந்தப் பெயிண்டிலும் அந்த ஏற்ற இறக்கம் வராது. ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும், உலர்ந்தால் வெளிறும், அதனால் ஒரு துண்டில் சோதித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

முதல் மாடலுக்கு எந்தப் படகு, எந்த அளவு?

ஹோகார்ஸ் அல்லது போட்டர். அடி தட்டை என்பதால் மேசைமேல் நேராக உட்கார்ந்துகொள்ளும், அடியிலிருந்தே அளவு எடுக்கலாம். பூயரை முதலில் தொடாதீர்கள், அந்த உருண்டையைப் பலகையில் கொண்டுவருவது கடினம்.

அளவுக்கு வந்தால், 13.5 மீட்டர் போட்டர் 1:50இல் 27 செ.மீ., 1:33இல் 41 செ.மீ., 1:20இல் 67.5 செ.மீ. சின்னதாகச் செய்தால் சுலபம் என்று நினைக்கிறார்கள், நேர்மாறு. 1:50இல் கப்பி ஒரு அரிசி அளவுக்குப் போய்விடும். அலமாரியில் இடம் இருந்தால் 1:20 எடுங்கள்.

கிட் வாங்கவா, வரைபடம் வைத்து நானே செய்யவா?

கிட், அதாவது பாகங்களோடு பெட்டியாக வரும் மாடல், கிடைக்கிறது, ஸ்பெயினின் ஆர்டெசானியா லாட்டினா போட்டர் கிட் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. கை பழக அது நல்ல வழி. ஆனால் பொதுவாகக் கிட்டில் வருவது 'ஒரு போட்டர்'. ஹெய்ஸன் போட்டரா, ஊர்க் போட்டரா, எந்த ஆண்டு என்ற கேள்விக்கு அதில் பதில் இருக்காது. எனக்கோ அந்தக் கேள்விதான் மாடலின் உயிர். இந்தப் படகுகளை ஒரு ஊரின் தச்சன், தன் ஊர்த் தண்ணீருக்காக, பெரும்பாலும் கண் அளவில் கட்டினான். அதனால் முதலில் ஒரே ஒரு ஊரை, ஒரே ஒரு படகைத் தேர்ந்துகொள்ளுங்கள், பிறகு வரைபடம் தேடுங்கள். டச்சு மாடல் கட்டுநர் சங்கம் மீன்பிடிப் படகு, சரக்குப் படகு எல்லாவற்றுக்கும் வரைபடம் விற்கிறது.

பழைய வரைபடமாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அதில் இருக்கும் 'அடி' நம் அடி இல்லை. ஆம்ஸ்டர்டாம் அடி 28.3 செ.மீ.தான், அதிலும் 12 அங்குலம் இல்லை, 11. நான் அது தெரியாமல் ஒரு ட்யால்க் வரைபடத்தை 30.48 என்று வைத்துக் கணக்குப் போட்டேன். அடிப்பலகை, முன்கட்டை, பின்கட்டை எல்லாம் வெட்டியாயிற்று. மீட்டரில் அளந்த சுக்கான் விவரம் வேறு இடத்திலிருந்து கிடைத்து, வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. படகு 7 சதவீதத்துக்கு மேல் பெரிதாகிவிட்டிருந்தது. இரண்டு மாத வேலை, எடுத்து வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன்.

எந்த மரம்?

அசல் படகு ஓக். மாடலுக்கு ஓக் வேண்டாம், அதன் நரம்பு கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். 1:20இல் அது மரத்துக்குள் ஓடும் பள்ளத்தாக்கு மாதிரி இருக்கும். தேக்கும் அப்படித்தான். வெளிநாட்டில் பேரிக்காய் மரம் எடுப்பார்கள். இங்கே வெட்பாலை கிடைத்தால் விடாதீர்கள், சென்னபட்டணம் பொம்மைக்குக் கடைசல் பிடிக்கும் அந்த வெள்ளை மரம்தான். நரம்பு நெருக்கம், கத்தி சொன்னபடி கேட்கும், சாயம் ஏற்கும். மஞ்சக்கடம்பும் நல்லது.

உடலை எப்படிக் கட்டுவது? விலாவை நிறுத்திப் பலகை ஒட்டவா?

கிட் முறை அதுதான், தப்பில்லை. ஆனால் டச்சுத் தச்சர்கள் பழங்காலத்தில் கட்டியது தலைகீழ் வரிசை: முதலில் அடிப்பலகை, பிறகு முன்கட்டை, பின்கட்டை, பிறகு பக்கச்சுவர்ப் பலகைகளை வளைத்துத் தற்காலிகக் கட்டைகளால் பிடித்து வெளி உடலை உருவாக்கி, அதற்குப் பின்தான் உள்ளே விலா. நிக்கொலாஸ் விட்சன் 1671இல் கப்பல் கட்டுவது பற்றி எழுதிய நூலில் இந்த முறை விவரமாக இருக்கிறது. தற்காலிகக் கட்டையின் ஆணியைப் பிடுங்கியபின் அந்தத் துளையைச் சிறு மரமுளையால் அடைப்பார்கள். புதைந்த படகுகளைத் தோண்டி எடுக்கும்போது இந்த முளைகளை வைத்துத்தான் கட்டிய வரிசையைக் கண்டுபிடிக்கிறார்கள்.

தட்டையடி மாடலை இந்த வரிசையிலேயே கட்டலாம், நான் அப்படித்தான் கட்டினேன். அடிப்பலகையை வரைபடத்தின் மேல் வைத்து வெட்டி மேசையில் இறுக்குங்கள். இரண்டு முனைக் கட்டைகளை நிறுத்துங்கள். நடுவில் அட்டை அல்லது பிளைவுட்டில் மூன்று, நான்கு வடிவத் துண்டுகளைத் தற்காலிகமாக வையுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் முதலில் அட்டையில் மாதிரி வெட்டி, பொருத்திப் பார்த்து, பிறகுதான் மரத்தை வெட்ட வேண்டும். கிட்டில் வரும் 5 மி.மீ. பட்டைகளைப் பாய் பின்னுவது போல் ஒட்டிக்கொண்டே போகாதீர்கள். அசல் போட்டரின் பக்கத்தில் அகலமான சில பலகைகள்தான் இருக்கும், அந்த அகலம்தான் அதன் முகம்.

வளைப்பது பற்றி: அசல் பட்டறையில் பலகையின் ஒரு பக்கம் தீ மூட்டி, மறுபக்கம் தண்ணீர் தெளித்து, முனையில் கனம் தொங்கவிட்டு வளைப்பார்கள். நமக்கு வெந்நீரும் சால்டரிங் அயர்னும் போதும். அரை மணி நேரம் ஊறவைத்து, உள்வளைவுப் பக்கத்தில் சூடு காட்டிக்கொண்டே மெதுவாக அழுத்துங்கள். போட்டரின் அணியத்தில் பலகை வளைவதோடு முறுகவும் வேண்டும், அங்கே அவசரப்பட்டால் பிளந்துவிடும்.

மேலே அந்த வளைந்த கழி?

பாயின் தலையைத் தாங்கும் காஃப். குட்டையாக, வில் போல் வளைந்திருக்கும். ஒரே துண்டில் நேர்மரத்திலிருந்து அறுத்தால் வளைவில் நரம்பு குறுக்கே ஓடி ஒடிந்துபோகும். நான்கைந்து மெல்லிய பட்டைகளை அச்சில் வளைத்து ஒட்டி, பிறகு உருட்டுங்கள். காலம் பாருங்கள், இது முக்கியம். 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் இருக்கும் சிறு படகுகளில் பெரும்பாலும் பாயைக் குறுக்கே தாங்கும் நீண்ட சாய்கழிதான் தெரியும். குட்டை வளைகாஃப் பின்னால் வந்தது. ரெம்பிராண்ட் காலத்துப் படகு என்று சொல்லி வளைகாஃப் வைத்த மாடல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாயின் கீழ்விளிம்பைக் கீழ்க்கழியோடு நெடுக இணைக்க வேண்டாம், இரண்டு மூலையில் மட்டும் கட்ட வேண்டும். பக்கவாட்டில் கயிற்று ஏணியும் வைக்காதீர்கள், அது பெரிய கப்பலுக்கு.

பக்கப்பலகையை மாடலில் எப்படிச் செய்வது?

இரண்டு பக்கமும் தட்டையாக வெட்டி மாட்டினால் போதும் என்று நானும் நினைத்திருந்தேன். அசலில் படகைப் பார்க்கும் பக்கம் புடைத்து, வெளிப்பக்கம் தட்டையாக இருக்கும். பறவைச் சிறகின் குறுக்குவெட்டு மாதிரி. அதனால்தான் இறக்கிய பலகை படகைக் காற்று வரும் பக்கமாகத் தள்ளுகிறது. உப்புத்தாளில் அந்தப் புடைப்பைத் தேய்த்துக் கொண்டுவாருங்கள். இரண்டு பலகைகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பதை மறக்காமல் பென்சிலில் 'இடது உள்', 'வலது உள்' என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என் மாடல் தண்ணீரில் ஓடுமா?

ஓட வைக்கலாம், ஆனால் அளவை அப்படியே குறைத்தால் கவிழும். காரணம் கணக்கில் இருக்கிறது. படகின் எடை நீளத்தின் மூன்றாம் மடியில் குறையும்: 20 டன் படகு 1:10இல் 20 கிலோ, 1:20இல் வெறும் 2.5 கிலோ. அதே காற்றில் கவிழ்க்கும் திருப்புவிசை (விசையையும் அதன் தூரத்தையும் பெருக்கி வருவது) மூன்றாம் மடியில் குறைகிறது, நிமிர்த்தும் திருப்புவிசை நான்காம் மடியில் குறைகிறது. ஆக 1:10 மாடலுக்கு அதே காற்று பத்து மடங்கு கடுமை. நம் ஏரியில் அடிக்கும் காற்று மாடலுக்காகச் சின்னதாகாது.

அதனால் அடியில் ஈயம் வையுங்கள், போதாவிட்டால் ஓட்டும்போது மட்டும் மாட்டும் ஒரு ஈய ஏராவைச் செய்து, கரைக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். 1:10 அளவில் ஸ்கூச்சே கிட்டத்தட்ட 1.8 மீட்டர் வரும், தனி ஆளாகத் தூக்குவது கஷ்டம். போட்டராக இருந்தால் மீன் தொட்டித் துளைகளைக் காட்சிக்குக் குழியாக மட்டும் போடுங்கள், ஊடுருவ வேண்டாம்.

பெயிண்ட்?

போட்டருக்குக் குறைவு. ஓக்கின் மேல் பிசினும் ஆளி எண்ணெயும் காய்ச்சிய பூச்சு, அடியில் கருந்தார். அவ்வளவுதான், மேலே கொஞ்சம் பச்சை, வெள்ளை. வார்னிஷ் பளபளக்க விடாதீர்கள்.

அசலை எங்கே பார்க்கலாம்?

ஆம்ஸ்டர்டாம் கடல்சார் அருங்காட்சியகம், 1656இல் கட்டிய பழைய கடற்படைக் கிடங்கில் இருக்கிறது, பழைய மாடல்கள் ஏராளம். என்க்ஹைஸனில் ஸைடர்ஸே அருங்காட்சியகம், ஸ்னேக்கில் ஃப்ரீஸ்லாந்துக் கப்பல் அருங்காட்சியகம். ஒரே இடம்தான் முடியும் என்றால் ஸ்பாக்கன்பர்க். புன்ஸ்கோட்டனோடு சேர்ந்த ஊர், பியு அங்கிருந்துதான். ஊர் நடுவில் துறை, அதில் வரிசையாகப் போட்டர்கள், பக்கத்திலேயே அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறை. நான் போன அன்று ஒரு போட்டரைக் கரையேற்றி, அழுகிய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை பொருத்திக்கொண்டிருந்தார்கள். ஓட்டையில் உள்ளே பார்த்தேன், மீன் தொட்டியின் துளைகள் வழியே வெயில் புள்ளி புள்ளியாக எதிர்ச்சுவரில் விழுந்திருந்தது.

மாடலில் பாயை விரித்து வைப்பதா, சுருட்டி வைப்பதா?

விரித்த பாய் தூசி சேர்க்கும், காற்றில்லாத அறையில் உப்பி நிற்பதும் பொய்யாகத் தெரியும். நான் பாயைப் பாதி இறக்கி, காய வைத்த மாதிரி தளர்வாக விட்டேன், வலையை மரத்தின் உச்சி வரை ஏற்றித் தொங்கவிட்டேன். வலையையும் அதே காசுக்கட்டியில்தான் முக்கினேன். மழைக்காலத்தில் அறையைத் திறந்தால் அந்த வாசனை இன்னும் லேசாக வருகிறது.